அப்பா வழி கேட்டார்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் ஓடைப்பட்டிக்கு வந்து யுவராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும். இதில் கைச்சரக்கு ஒன்றும் கிடையாது. தேதி, மணி எல்லாம் அவள் போனில் அப்படியே இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னானோ தெரியாது. இங்கே எல்லாமே நடந்தது காலை ஒன்பதரை மணிக்கு. சுள்ளென்று வெயில் அடிக்கிற நேரத்தில்.

யுவராணிக்குத் தேனியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் வேலை. அவள் தம்பி மகிழன் அமெரிக்காவில் ஒரு குளிர் ஊரில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறான். அங்கே ராத்திரி பதினொன்று என்றால் இங்கே காலை ஒன்பதரை. படுக்கப் போகும்முன் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிட்டுத்தான் படுப்பான். ஒரு நாளும் தவறமாட்டான்.

அப்பா அழகுமலை அதைத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். கொத்து வெட்டுகிற பெண்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"அப்பா, இங்க எதுக்க வர்றவன்லாம் 'எப்படி இருக்கே'ன்னு கேக்குறான். பதில் சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள போயிர்றான்."

"அப்பா, நாயத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போறாக. பிள்ளைக நடந்து வருது."

"அப்பா, இன்னைக்குக் கடையில திராட்சை வாங்குனேன். கோலிக்குண்டு தண்டி இருக்கு. வாயில போட்டா சப்புன்னு இருக்கு. நம்ம தோட்டத்து அணிலு கூடத் தொடாது."

அதற்கு அழகுமலை அன்று முழுக்கச் சிரித்தார். பதில் ஒன்றே ஒன்றுதான் அனுப்புவார். "சரிய்யா... சாப்ட்டுப் படு." அவ்வளவுதான் அவருக்குப் பேச வரும்.

ஏப்ரல் ஒன்பது, புதன்கிழமை. காலை 11.20. பந்தலுக்கு அடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அழுது முடிக்கும் முன்பே சித்தப்பா தங்கப்பாண்டி எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். மகிழனுக்கு இருபத்தெட்டாம் தேதி வாய்மொழித் தேர்வு. போன வருஷம் ஒரு தடவை தவறிவிட்டான். இதிலும் தவறினால் படிப்பு போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"இப்பச் சொன்னா பய உடைஞ்சு போயிருவான். பரீட்சை முடியட்டும். யாரும் வாயத் தொறக்கப்படாது" என்றார் சித்தப்பா.

அம்மா மாயக்காள் தலையைத் தலையை ஆட்டினாள். மகன் வைக்க வேண்டிய கொள்ளியை அன்று சாயந்திரம் சித்தப்பாவே வைத்தார்.

அப்பாவின் போன் யுவராணி கைக்கு வந்தது. மறுநாள் தம்பிக்குத் தட்டச்சு செய்து அனுப்பினாள். அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, டாக்டர் பேசக் கூடாது என்றுவிட்டார், நான்தான் அவர் சொல்கிறதை எழுதுகிறேன். அனுப்பிவிட்டுக் குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செத்தவர் பேரில் தினமும் பொய் எழுதுவது சாமானிய வேலையா? போனை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடி மாதிரிக் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள்.

ஐந்து நாள் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் பதினாலு, திங்கட்கிழமை. காலை 9.40. பீரோவைத் திறந்து போனை எடுத்தாள். 9.31க்கு வந்த தம்பியின் பேச்சு இருந்தது. பக்கத்தில் மைக் குறி நீலமாக இருந்தது.

கேட்டு முடித்த பேச்சுக்குத்தான் அது நீலமாகும்.

சாவியைத் தடவிப் பார்த்தாள். கழுத்தில்தான் இருந்தது.

போனில் ஏதோ கோளாறு என்று மனதைத் தேற்றிக்கொண்டு பேச்சைப் போட்டாள். தம்பி பஸ்ஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். வயசானவர்கள் ஏறுவதற்காக டிரைவர் பஸ்ஸையே ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொடுக்கிறாராம். "நம்மூர்ல படியில நிக்கிறதுக்குள்ள வண்டிய எடுத்துருவாக. இங்க பஸ்ஸே குனிஞ்சு கும்புடுதுப்பா." யுவராணிக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அதோடு விட்டுவிட்டாள்.

புதன்கிழமை. 9.33.

"அப்பா, நேத்து நீங்க கேட்டீகள்ல, இங்க செத்தவகள எங்க வைப்பாகன்னு. ஊருக்கு நடுவுலதான்ப்பா. என் ரூமுக்கு எதுத்தாப்லயே. புல்லு வெட்டி, பூவு வச்சு, பூங்கா மாதிரி இருக்கு. சாயந்திரம் பிள்ளைகள அங்கன கூட்டிட்டு வந்து நடக்குறாக. பயமே கிடையாது."

யுவராணி அப்படிக் கேட்கவில்லை.

அனுப்பியதை எல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "சரி." "சாப்பிடு." "நல்லாப் படி." அவள் எழுதியது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை. 9.30.

"பஸ்ஸு நம்பரா கேட்டீக? ஏழு. ஏழாம் நம்பர்ப்பா. நூலகம் தாண்டி, செங்கல் கட்டடம் வந்ததும் ஜன்னல் ஓரமா ஒரு மஞ்சக் கயிறு தொங்கும். அதை இழுத்தா நிக்கும். ஏன், கெளம்பி வந்துரலாம்னு இருக்கீகளா?"

அவன் சிரித்தான். இவள் அதையே மறுபடியும் போட்டுக் கேட்டாள்.

சனிக்கிழமை தேனியில் ஒரு செல்போன் கடைக்காரரிடம் போனைக் கொடுத்தாள். வேறு யாராவது இந்த நம்பரை வேறு எங்காவது இருந்து பயன்படுத்துகிறார்களா என்று கேட்டாள். அவர் பத்து நிமிஷம் துருவினார்.

"இந்த ஒரு போன்லதாம்மா ஓடுது. வேற எதுலயும் இல்ல."

அன்றே சித்தப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துப் போனது. ஆனாலும் வீறாப்பை விடவில்லை.

"ஏத்தா, கிறுக்குப் பிடிச்சிருச்சா? முச்சந்தியில பாடைய எறக்கி மூணு சுத்துச் சுத்தித் திருப்பித்தான தூக்கிட்டுப் போனோம்? வீட்டுக்கு வழி மறந்து போகணும்னுதான அப்பிடிச் செய்யிறது? அண்ணே இங்கன திரும்பி வரமாட்டாக."

யுவராணி அதையே யோசித்துக்கொண்டு திரும்பினாள். சரிதான். வீட்டுக்கு வழி தெரியாது. இவர்களே மறக்கடித்துவிட்டார்கள். ஆனால் அங்கே ஒருவன் தினமும் ராத்திரி உட்கார்ந்து வேறொரு வழியை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்பா உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு.

அதற்குமேல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் தம்பியின் படிப்பு போகும். சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டால் என்ன போகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை. 9.35. அவளே தம்பியைக் கூப்பிட்டாள்.

"அப்பா ஒனக்கு என்னடா அனுப்புறாரு?"

"என்னக்கா நீ, தொண்டை கட்டிருக்குன்ன. நல்லாத்தான பேசுறாரு? முன்ன விட இப்பத்தான் நெறையாப் பேசுறாரு."

"கடைசியா வந்ததை எனக்கு அனுப்பு."

9.41க்கு வந்தது. பதினோரு வினாடி.

அழுத்தினாள்.

முதலில் காற்று. இலை உரசுகிற சத்தம். யாரோ கரடுமுரடான தரையில் நடக்கிற சத்தம். சர்ர்... சர்ர்... சர்ர்...

அப்புறம் இரண்டு இருமல்.

"மகிழா... செங்கக் கட்டடம் வந்துருச்சுய்யா. எந்தப் பக்கம் திரும்ப?"

போன் கையிலிருந்து விழுந்தது.

அப்பாவின் குரல்தான். பெற்ற மகளுக்குத் தெரியாதா? ஆனால் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் இல்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்தவர், ஒரு மூச்சுக்கூட விடவில்லை.

ஏப்ரல் இருபத்திநாலு, வியாழக்கிழமை. பதினாறாம் நாள் காரியம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். முற்றத்தில் சமையல். 9.32க்கு போன் அதிர்ந்தது. யுவராணி மாடிப்படிக்கு ஓடினாள்.

"அப்பா, நம்ம ஊரு மாதிரி இங்க கதவுக்குச் சாவி கெடையாது. நம்பர்தான். நாலு, ஒன்னு, ஒன்பது, ஆறு. அடிச்சா தொறந்துக்கிரும். ஆமா, இத எதுக்குக் கேக்குறீக...?"

அவள் முழுதாகக் கேட்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"மகிழா, வெளிய போடா! ரூம விட்டு வெளிய போ!"

"என்னக்கா ஆச்சு?"

"அப்பா செத்துப் போயிட்டாருடா. பதினாறு நாளாச்சு. ஒன்பதாம் தேதியே போயிட்டாரு. நாங்கதான் மறைச்சுட்டோம்... ஏலே, கேக்குதா? கெளம்பு. இப்பவே கெளம்பு!"



அவன் அழுதான். அப்படி ஓர் அழுகையை அவள் கேட்டதே இல்லை. "கொள்ளி யாருக்கா வச்சா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

தேர்வாவது மண்ணாவது. அங்கே விடிகாலை நாலு மணிக்கே ஒரு டாக்ஸி பிடித்து விமான நிலையத்துக்குப் போய்விட்டான். பேராசிரியர் நல்ல மனுஷர், தேர்வை மே மாதத்துக்குத் தள்ளி வைத்தார். சனிக்கிழமை காலை மகிழன் ஓடைப்பட்டியில் வந்து இறங்கினான். சித்தப்பா அவன் காலைப் பிடிக்காத குறை. அவன் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மொட்டை போட்டுக்கொண்டு அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போக டிக்கெட் இருந்தது.

யுவராணிக்கு உயிர் திரும்பி வந்தது. அப்பாவின் போனும் அடங்கிப் போனது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை 9.30. மகிழனின் போன் அடித்தது.

ஜோமோன். கேரளத்துக் கட்டப்பனைக்காரன். அங்கே மகிழனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். ஒரு கருத்தரங்குக்காக வேறு ஊருக்குப் போயிருந்தவன். ஊருக்குப் போகிறேன் என்று மகிழன் போட்ட மெசேஜைத் தவிர, இங்கே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. மகிழன் ஸ்பீக்கரில் போட்டான்.

"எடா, உன் அப்பா வர்றாருன்னு சொல்லவே இல்லல்லோ!"

மகிழன் அப்பா படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து பார்த்தா, உன் கட்டில்ல உக்காந்திருக்காரு. நம்பர் அடிச்சுத் தொறந்தேன்னு சொன்னாரு. மூணு நாளாச்சு. சோறு கொடுத்தா தொடலை. ஹீட்டர் போட்டாலும் ரூமு சில்லுன்னே இருக்கு. நீ ஞாயித்துக்கிழமை கெளம்பி வருவேன்னு மெசேஜ் போட்டிருந்தியே, அதைச் சொன்னேன். சரிய்யா, இருக்கேன்னுட்டாரு."

யுவராணி தம்பியின் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்புறம் ஒரு காரியம் கேக்கணும்டா. உங்க ஊர் வழக்கமா? நெத்தியில ஒரு ரூபா காசு ஒட்டியிருக்காரு."

வாசலில் நின்ற மாயக்காள் அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"கால் பெருவிரல் ரெண்டையும் வெள்ளத் துணி வச்சுச் சேத்துக் கட்டியிருக்கு. எப்படி நடந்து வந்தாருன்னே தெரியலை. பாவமா இருந்துச்சு. அவுத்து விடட்டுமான்னு கேட்டேன். வேணாம், மகன் வந்து அவுக்கட்டும்னுட்டாரு."

போன் தானாகவே அடங்கியது.

அன்றே மாயக்காள் மகிழனின் பாஸ்போர்ட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். குச்சனூர் கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள். சித்தப்பா போடியில் இருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தார். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடல் தாண்டினால் தன் மந்திரம் செல்லாது என்று காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு நாளும் வீட்டில் யாரும் தூங்கவில்லை. போகாதே என்று சொல்லாத ஆள் இல்லை.

சனிக்கிழமை சாயந்திரம் யுவராணி தம்பியின் அறைக்குள் போனாள். பெட்டி கட்டியிருந்தது. அதன்மேல் பாஸ்போர்ட் இருந்தது. அரிசி மாவு படிந்திருந்தது.

"வேணான்டா மகிழா. ஒங் கால்ல விழுகுறேன். போகாத."

அவன் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினான். முகத்தில் பயம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

"அவுத்து விட ஆளில்லாம உக்காந்திருக்காருக்கா" என்றான்.