கிளிமூக்குக்கு நான் எழுதிய நிறம்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கன்னியப்பனின் இடக்காலில் சுற்றிய கட்டுத்துணியை மருத்துவர் அவிழ்த்தபோது, நான் சுவரில் தொங்கிய அறிவிப்பைப் படிப்பவன்போல் நின்றிருந்தேன். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"சக்கரை இருக்குன்னு தெரிஞ்சும் தினம் மூணு மாம்பழமா? யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான் துன்னேன்."

சொன்னவன் நான். மூன்றடி தொலைவில் நின்றும் வாய் திறக்கவில்லை.

எனக்கு நீரிழிவு கண்டது அதற்கு முந்தைய ஆண்டு. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் தமிழாசிரியனாக இருந்தேன். பாடத்தின் நடுவே இருமுறை வெளியே செல்ல நேர்ந்தது, தாகம் அடங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னியப்பனுக்கும் அதே தாகம். ஆனால் சுரங்க ஆழத்து வெக்கையில் பாறை துளைப்பவருக்குத் தாகம் நோயாகத் தோன்றுவதில்லை. என்னைப் பார்த்தே அவரும் சோதித்துக்கொண்டார்; அவருக்கும் அதே நோய்.

மருத்துவர் எங்கள் இருவருக்கும் வீட்டுச் சோதனையைக் கற்றுத்தந்தார். பெனடிக்ட் கரைசலில் (சர்க்கரை கலந்தால் சூட்டில் நிறம் மாறும் நீலத் திரவம்) எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமே நிலைத்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என ஏற ஏற மிகுதி.

மாம்பழப் பருவம் வந்தது. பழத்தைத் துறக்க மனமில்லாத நான் ஆராய்ச்சியாளனாக வேடமிட்டேன். குறிப்பேட்டில் கோடு கிழித்து, இனம் ஒருபுறமும் நிறம் மறுபுறமும் எழுதினேன். பூதிகோட்டை மாணவர் வீட்டார் ஞாயிறுதோறும் அனுப்பிய மல்கோவாவை நண்பகலில் உண்டு, பிற்பகலில் சோதித்தேன்: செங்கல் நிறம். பாதாமியும் அவ்வாறே. கிளிமூக்கை வாரநாள்களில் பள்ளி விட்டு வந்து மாலையில் உண்டேன். விடியலில் சோதித்தேன்: நீலம். நாவில் பட்ட புளிப்பும் எனக்குச் சான்றாயிற்று.

கன்னியப்பன் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார்: "இன்னா வாத்தியாரே, உங்க நோட்டுல எந்தப் பழம் பாஸு?"

"கிளிமூக்கு ஒண்ணுதான் தேறிச்சு."

"மத்ததெல்லாம் பெயிலா? அப்ப பாஸானதையே துன்றேன், போங்க!"

இருவரும் சிரித்தோம். அப்போதே அவருடைய ஈரக் காலணிக்குள் ஒரு சிறு புண் இருந்தது. வாத்தியார் எழுதிவைத்ததாயிற்றே என்று, அவர் தம் சிறுநீரைச் சோதிப்பதையும் விட்டுவிட்டார்.

விரல்கள் அகற்றப்பட்ட மறுநாள் குறிப்பேட்டுடன் மருத்துவரிடம் சென்று, சொன்னவன் நான் என்றேன். அவர் ஏட்டைப் புரட்டிக்கொண்டே, எப்போது உண்டீர்கள், எப்போது சோதித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மல்கோவாவ ரெண்டு மணி நேரத்துல பாத்திருக்கீங்க. கிளிமூக்க பன்னெண்டு மணி நேரம் கழிச்சு. நடுவுல போன சிறுநீரோட சக்கரையும் போயிருக்கும். நீங்க பழத்தச் சோதிக்கல ஐயா, கடிகாரத்தச் சோதிச்சிருக்கீங்க."

"இனத்துக்கு இனம் வேறுபாடே இல்லையா?"

"கொஞ்சம் இருக்கும். ஆனா புளிக்குதுங்கறதால சக்கரை இல்லேன்னு ஆகாது. எவ்வளவு சாப்பிட்டோம்கறதுதான் பெருசு."

ஓர் எழுத்துப் பிழைக்குப் பத்துமுறை எழுதவைத்தவன் நான். என் ஏட்டில் நேரத்துக்கென ஒரு கட்டமே இல்லை.

கன்னியப்பனின் கட்டிலருகே அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே கேஜுக் கூண்டுல சுரங்கத்துக்குக் கீழ எறக்க மாட்டாங்களாம். மேல, எறங்கற ஆளுங்களுக்கு விளக்கு குடுக்கற ரூமுல வேலையாம்." பிறகு, "அப்ப உங்க கிளிமூக்கும் பெயிலு" என்றார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார்.

"டாக்டர்கிட்ட ஏன் என் பேரச் சொல்லல?"

"நீங்க அங்கதான நின்னுகினு இருந்தீங்க. நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

இதே நோயுடன் இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன். எந்த இன மாம்பழமாயினும் ஒரு கீற்றுக்கு மேல் வேண்டாம். உண்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். உங்கள் நாவின் தீர்ப்பை இன்னொருவர் உடலுக்கு வழங்காதீர்கள்.

இப்போது உண்டபின் கழிந்த நேரமாகவே என் உடலை அறிகிறேன். ஏட்டில் நேரத்துக்கு ஒரு கட்டம் உண்டு. சுரங்கச் சங்கு ஊதும்போது கன்னியப்பன் வேலியைக் கடந்து விளக்கறைக்குப் புறப்படுவது சன்னல் வழியே தெரியும். தெருமுனையை எட்ட அவருக்கு முன்னைவிட இருமடங்கு நேரமாகிறது. அதை எழுத என் ஏட்டில் இன்னும் கட்டமில்லை.