நான்காம் வேலியில் நான் வீசிய கொடி

கொடியை நான் தூக்கவில்லை.

இவ்வளவுதான் என் குற்றம். ஒரு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் விடமாட்டீர்கள்... எந்தக் கொடி, தூக்காததால் எந்தக் கோட்டை இடிந்தது என்று கேட்பீர்கள். கோட்டை ஒன்றும் இடியவில்லை. என் மனைவியின் தம்பிக்கு இடுப்பெலும்பு உடைந்தது. அந்தப் பழி, எந்தத் தப்பும் செய்யாத ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. விழுந்த பழியை எடுத்துப் போட வேண்டியவன் நான். எடுக்கவில்லை. அவள் தலையில் அது நேராக நிற்கிறதா என்று பார்த்து, கொஞ்சம் அழுத்தி வேறு வைத்தேன்!

முதலில் என்னைத் தெரிந்துகொள்ளுங்கள். கொச்சியில், மட்டாஞ்சேரியில் பிறந்தவன். நகரசபையில் கொசு மருந்து அடிக்கும் வேலை. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் என்னைச் சுற்றி நாலு பேர் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வேறு சொத்து கிடையாது. உடம்போ, நெல் மூட்டைக்குச் சட்டை மாட்டியது போல. ஒருமுறை குதிரை மேல் ஏறப் போனேன். அது கழுத்தைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தது. அந்தப் பார்வையிலேயே இறங்கிவிட்டேன்... ஏறுவதற்கு முன்பே.

அந்தக் குதிரையை நான் சந்தித்தது இடக்கொச்சியில், காயலோரம் மண் கொட்டி மேடாக்கிய ஒரு மைதானத்தில். குதிரையேற்றச் சங்கம் ஒன்று அங்கே உண்டு. லாயத்தில் கொசு மருந்து அடிக்க வாரம் ஒருமுறை போவேன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆறு குதிரைகள். அவற்றின் மேல் ஏறுகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? காக்கநாட்டில் கணினி முன் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்கள், ஒரு மசாலா மண்டி முதலாளியின் மகன், ஒரு பல் மருத்துவர். ஆறு மாதம் கற்றுக்கொண்டு, ‘அமெச்சூர் ஜாக்கி’ என்று முகநூலில் போட்டுக்கொள்ளும் கூட்டம். அந்த மைதானத்தில் தொழில் தெரிந்த பிராணிகள் குதிரைகள் மட்டுமே!

அந்தக் கூட்டத்தில் தலைசிறந்த கோமாளி, காக்கநாட்டுக் கணினிக்காரன், என் மைத்துனன் பிரவீண்.

இவனைப் பற்றிச் சொல்லும்போது என் நாக்கில் இன்றும் புளிப்பு ஏறுகிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தாலும் குதிரைப் பேச்சுதான். அங்கவடியில் காலை எப்படி வைக்க வேண்டும் என்று மீன் குழம்பு வழியும் விரலால் தரையில் படம் போடுவான். என் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும். அதே பிள்ளைகள் என் நகைச்சுவைக்குச் சிரிப்பதை நிறுத்தி வெகு நாளாயிற்று... புரிகிறதா உங்களுக்கு? இதைவிட அற்பமான காரணம் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பயிற்சியில் அவன் ஐந்து முறை விழுந்தான். ஐந்து முறையும் அசையாமல் கிடந்தான். யாராவது ஓடி வந்து செல்போனில் படம் பிடித்த பிறகு, மெதுவாக எழுந்து, மண்ணைத் தட்டி, புன்னகை செய்வான். அன்று மாலையே அந்தக் காட்சி ஊர் முழுவதும் சுற்றும். மார்புக் கவசத்தைப் போட்டால் தொப்பை எடுப்பாகத் தெரிகிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிய வீரன் அவன். எலும்பு போனாலும் இடை தெரிய வேண்டுமாம்!

சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தடை தாண்டும் பந்தயம் வைத்தார்கள். நாலு வேலி, இரண்டு சுற்று. வேலி என்றால் கம்பி வேலி இல்லை. நெஞ்சுயரத்துக்கு இலை தழைகளை நெருக்கிக் கட்டிய தடை. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று குதிரைக்கும் தெரியாது, மேலே இருப்பவனுக்கும் தெரியாது. ஆகவே வேலிக்கு ஒரு ஆள், கையில் மஞ்சள் கொடியோடு. முதல் சுற்றில் எவனாவது விழுந்து எழ முடியாமல் கிடந்தால், கொடிக்காரன் வேலிக்கு முன்னால் முப்பது தப்படி ஓடிப்போய் நின்று, கொடியைத் தலைக்கு மேல் வீச வேண்டும். இரண்டாம் சுற்றில் வருகிறவர்கள் அதைப் பார்த்து வேலியை விட்டு விலகிப் போவார்கள். இல்லையென்றால் தாண்டி வந்து, கிடப்பவன் மேலேயே இறங்குவார்கள்.

பந்தயத்தில் மனிதனுக்கு என்று வைத்திருக்கும் ஆகச் சிறந்த பாதுகாப்பு, ஒரு முழம் மஞ்சள் துணி! சங்கச் செயலாளர், தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இதை எனக்கு மூன்று முறை சொல்லிக் கொடுத்தார். மூன்று முறையும் நான் ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைத்தேன்.

நாலாம் வேலிக்கு என்னைக் கேட்டு வாங்கியவன் பிரவீண். “அத்தான் அங்க நின்னா எனக்கொரு தைரியம்” என்றான். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

முதல் சுற்றில் கடைசியாக வந்தான். குதிரை ஒழுங்காகத் தாண்டியது. அவன்தான் அதோடு சேர்ந்து தாண்டவில்லை. கழுத்து வழியாகச் சறுக்கி, வேலியின் இறங்கும் பக்கத்தில், என் காலடியில் வந்து விழுந்தான். குதிரை அவனை விட்டுவிட்டு நிம்மதியாக ஓடியது. வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்தில் பதற்றம். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

என்னைப் பார்த்தார்கள்! நான் என்ன சொல்லப் போகிறேன் என்று!

“எழுந்திருடா மாப்ளே, படம் பிடிச்சாச்சு” என்றேன். ஒரு சிரிப்பு எழுந்தது.

அவன் எழவில்லை. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. மெல்லிய குரலில் சொன்னான்: “அத்தான், காலு எங்க இருக்குன்னு தெரியல.”

இங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும். ஐந்து முறை நடித்தவன், ஆறாவது முறையும் நடிக்கிறான் என்று நான் நினைத்ததாகச் சொன்னால் நம்புவீர்கள். இரக்கம்கூடப் படுவீர்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். நடிக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். அன்று திறந்திருந்தது. உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது... தெரிந்த பிறகும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

“காலு காக்கநாட்டுல டூட்டில இருக்குடா. லீவு உனக்கு மட்டும்தான்.”

கயிற்றருகே வெடித்தது சிரிப்பு. என் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. எங்கிருந்தோ இன்னும் சிலர் ஓடி வந்து சேர்ந்தார்கள். நான் அவன் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்தேன். கையிலிருந்த மஞ்சள் கொடியால், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு விசிறுவது போல, அவன் முகத்துக்கு விசிற ஆரம்பித்தேன்!

ஆம்... கொடி அசைந்தது. தலைக்கு மேல் அல்ல, வேலியின் மறைவில், முழங்கால் உயரத்தில். இன்னும் ஒரு சிரிப்பு, அப்புறம் எழுந்து ஓடலாம் என்று எண்ணினேன். அந்தச் சிரிப்பும் வந்தது. இன்னும் ஒன்று என்றேன் எனக்குள். சாராயக் கடையில் உட்கார்ந்தவன் சொல்கிற அதே ‘இன்னும் ஒன்று’.

மண் அதிர்ந்தது. நிமிர்வதற்குள் வேலிக்கு மேலே ஒரு குதிரையின் வயிறு தெரிந்தது.

வந்தவள் ஷெரின். சுள்ளிக்கல்காரி, நான் முன்னே சொன்ன பல் மருத்துவர் அவள்தான். அந்த ஆறு பேரில் உண்மையாகவே குதிரை ஏறத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. காற்றிலேயே குதிரையைத் திருப்பப் பார்த்தாள். முன்னங்கால்கள் அவனைத் தாண்டின. பின்னங்கால் ஒன்று அவன் இடுப்பில் இறங்கியது. அந்தச் சத்தத்தை எழுத வேண்டாம்.

அதன் பிறகு ஓடினேன். முப்பது தப்படி, பிசகாமல். கொடியைத் தலைக்கு மேல் அவ்வளவு அழகாக வீசினேன்! பின்னால் வந்தவர்கள் எல்லோரும் விலகிப் போனார்கள்.

சங்கம் விசாரித்தது. ஷெரின், கொடியே தெரியவில்லை என்றாள். கயிற்றருகே நின்றவர்களைக் கேட்டார்கள். சிரித்தவன் எவனும் சிரித்ததாகச் சொல்லவில்லை. சிரித்த வாய்க்கு எவ்வளவு அவசரம் பாருங்கள், தன்னைத் துடைத்துக்கொள்ள! கொடி அசைந்ததை மட்டும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒருவன் தூரத்திலிருந்து எடுத்த காட்சியும் கிடைத்தது. அவன் நின்றது இறங்கும் பக்கம். அதில் மஞ்சளாக ஒன்று விடாமல் ஆடுகிறது. ஷெரின் வந்தது வேலியின் மறுபக்கம் என்பதை எவரும் யோசிக்கவில்லை.

என்னிடம் கேட்டார்கள். “ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்” என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதைவிடக் கேவலமான உண்மையை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

ஷெரினை இனிக் குதிரை ஏறக் கூடாது என்று விலக்கினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பின்னால் வந்த குதிரைகளிடமிருந்து பிரவீணைக் காப்பாற்றியவன் அல்லவா நான்! அவனுக்கு மூன்று அறுவை சிகிச்சை. ஒரு கால் குட்டையாகிவிட்டது. மாடிப்படி ஏற முடியாததால் எங்கள் வீட்டுக் கீழறையில் இருக்கிறான். வருகிறவர்களிடமெல்லாம், அத்தான் இல்லையென்றால் நான் இல்லை என்கிறான். முதலில் விழுந்ததில் மயக்கமாம். நான் சொன்னது, விசிறியது எதுவும் அவனுக்கு நினைவில்லை. என் மனைவி என் தட்டில் மீனின் நடுத்துண்டை வைக்கிறாள். நானும் தின்கிறேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஷெரின் வீடு தேடி வந்தாள். மெலிந்திருந்தாள். பிரவீணிடம் மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“கொடியப் பாத்தா விலகணும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது.”

அவள் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சேட்டா, ஞான் கொடி கண்டு. இப்போ நல்ல ஓர்மயுண்டு.”

கொடியைக் கண்டாளாம். இப்போது நன்றாக நினைவிருக்கிறதாம்! முதலில் தெரியவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாளாம். அந்தக் காட்சியை நூறு தடவை போட்டுப் பார்த்தபின் தெளிவாகிவிட்டதாம். வேலிக்கு வெகு முன்னாலேயே நான் நின்றேன், கையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தேன், வாய் திறந்து கத்தினேன், எல்லாம் கண்ணுக்கு முன் நிற்கிறது என்று மலையாளத்தில் விவரித்தாள். ஜெயிக்கும் வெறியில் தான்தான் கண்டும் காணாதது போல வந்துவிட்டதாகச் சொன்னாள். பழி போதாதென்று, நான் செய்யாத கடமையையும் அவளே எனக்காகச் செய்து முடித்திருந்தாள்!

நான் நின்றது அங்கேதானே என்று கேட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் உறுதியாக வேண்டியிருந்தது. இல்லை என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், அவள் மறுபடி தன் கண்ணை நம்பலாம். பிரவீண் என்னைப் பார்த்தான். சாயாத் தட்டோடு வந்த என் மனைவியும் பார்த்தாள்.

“ஆமா மோளே” என்றேன். “அங்கதான் நின்னேன்.”

அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சாயாவை முழுவதும் குடித்தாள். இனித் தூங்க முடியும், எது உண்மை என்று தெரியாமல் இருந்ததுதான் கொடுமை என்று சொல்லி எனக்கு நன்றி சொன்னாள். எனக்கு!

வாசல்வரை கூடப் போனேன். இரண்டு படி இறங்க வேண்டும். அந்த இரண்டு படிக்குள் சொல்லியிருக்கலாம்... சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நம்புங்கள். நம்பவும் வேண்டாம்.

“பாத்து இறங்கு டாக்டரே, உனக்கே பல்லு கட்ட ஆள் தேட வேண்டி வரும்” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு. தெருமுனை திரும்பும்வரை கேட்டது. அது தேயும்வரை நான் அங்கேயே, ருசி பார்த்துக்கொண்டு நின்றேன்.