செயலாளர் போட்ட கையெழுத்து

அவரை எல்லோரும் சுண்ணாம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் லேத் பட்டறையின் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் இரும்பு கடைவார். ஏழாம் நாள் விடிந்ததும் மைதானத்துக்குப் போய், வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, ஆட்டத்துக்குக் கோடு போடுவார். முழங்கை வரைக்கும் வெள்ளை ஏறியிருக்கும். "வீட்டுச் சுவருக்கு ஒரு கை அடிக்கச் சொன்னா இடுப்பு வலிக்கும், அங்க மட்டும் வலிக்காது" என்பாள் மனைவி. நியாயமான பேச்சு. சிரித்துவிட்டு சைக்கிளை எடுப்பார்.

கிளப் பிறந்ததும் அதே பட்டறையில்தான். முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால், மதிய இடைவேளையில் கந்தல் துணியைப் பந்தாகச் சுருட்டி உதைத்துக்கொண்டிருந்த ஒன்பது பேர், வழியில் போன இரண்டு பேரையும் பிடித்துப் போட்டு, அணி என்று சொல்லிக்கொண்டார்கள். லீக்கில் கடைசியான ஐந்தாம் பிரிவு. முதல் வருடம் வாங்காத அடி இல்லை. ஓர் ஆட்டத்தில் பதினொரு கோல் வாங்கி, சண்டை வராமல் ஆளுக்கொன்று என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். ஏறுவதும் சறுக்குவதுமாக இரண்டாம் பிரிவைத் தொட இருபத்திரண்டு வருடம் பிடித்தது. ஆட்டக்காரர்களுக்கு ஆட்டப்படி என்று ஏதோ கிடைக்கும், அதில் அடுப்பு எரியாது. பஸ் ஓட்டுகிறவன், ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவன், பெயின்ட் அடிக்கிறவன் என்று ஷிப்டு முடிந்து ஓடி வந்து பூட்ஸ் மாட்டுகிற கூட்டம்.

சுண்ணாம்பு அந்த முதல் பதினொருவரில் ஒருவர். தடுப்பாட்டக்காரர். முழங்கால் போன பிறகு செயலாளர் ஆனார். முன்னால் நின்று கோல் அடித்தவர், அவருடைய தங்கை புருஷன், தலைவர் ஆனார். பந்தை இவர் கொடுத்துக் கொடுத்துப் பழகி, தங்கையையும் கொடுத்துவிட்டார் என்று பட்டறையில் கேலி பேசுவார்கள். மாப்பிள்ளை வாயில் கெட்டி, இவர் வேலையில் கெட்டி. அப்படியே வண்டி ஓடியது.

லீக்கில் ஒரு விதி இருந்தது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், ஆடுகிறவர்கள் பெயரை கிளப்பின் தாளில் எழுதி, செயலாளர் கையெழுத்தோடும் முத்திரையோடும் நடுவரிடம் தரவேண்டும். யாருக்கு ஷிப்டு மாறியது, யார் வருவான் என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும். அந்த நேரத்தில் செயலாளரின் கை வாளிக்குள் இருக்கும். ஒரு தடவை தாளெல்லாம் சுண்ணாம்பு அப்பிப் பெயர்கள் அழிந்துபோக, நடுவர் வாங்க மறுத்துவிட்டார். ஆடாமலே தோற்றார்கள்.

மாப்பிள்ளைதான் அன்றைக்கு வழி சொன்னார். "மச்சான், சீசன் ஆரம்பத்துலயே இருபது தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. பேரை நாங்க எழுதிக்கறோம்."

பதினான்கு வருடம் அப்படித்தான் நடந்தது. வடிகட்டின முட்டாள்தனம் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தங்கை புருஷனிடம் கொடுக்கும் வெற்றுத்தாளை யாராவது எண்ணியா கொடுப்பார்கள்?

இந்த வருடத்து ஆட்ட அட்டவணையை வாங்க லீக் அலுவலகத்துக்குப் போனார். சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. இரண்டாம் பிரிவில் பன்னிரண்டு அணிகள், இவருடையது இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாம் பிரிவு வரைக்கும் தேடினார்.

"என்ன சார், நீங்களே எழுதிக் குடுத்துட்டு நீங்களே தேடறீங்க?" என்று குமாஸ்தா கோப்பை எடுத்துப் போட்டார். கிளப்பின் தாள். எங்கள் இடத்தை மனமுவந்து டயர் கம்பெனி அணிக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்று தட்டச்சு செய்திருந்தது. புது அணி ஐந்தாம் பிரிவில் தொடங்கி அடிபட வேண்டாம், ஒரு பழைய கிளப்பின் நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொள்ளலாம். கீழே சுண்ணாம்பின் கையெழுத்து. பொய்க் கையெழுத்தாக இருந்தால் கத்தியிருப்பார். அது அவர் போட்டதேதான்.

"நான் இதை எழுதலைங்க."

குமாஸ்தா நல்ல மனுஷன். "அப்போ ஒண்ணு பண்ணுங்க. ஏழு ஆட்டக்காரங்க இன்னும் இந்த கிளப்புலதான் இருக்கோம்னு எழுதிக் குடுக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா கமிட்டி விசாரிக்கும். ஆளே இல்லாத கிளப்புக்காக யாரும் விசாரிக்க மாட்டாங்க" என்றார்.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். "வாண்ணே" என்றவள் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அவளுக்கும் தெரியும் என்பது அவருக்கு அப்போதே விளங்கியது.

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டார். "கோவப்படாதீங்க மச்சான். அந்த டீமுக்கு என்னைத்தான் மேனேஜராப் போட்டிருக்காங்க. பசங்களுக்கு நல்ல கிரவுண்டு, நல்ல பூட்ஸ். நம்ம கிளப்பை இன்னும் எத்தனை நாளைக்கு இழுத்துக்கிட்டுப் போறது? உங்ககிட்ட கேட்டா ஒத்துக்க மாட்டீங்க."

"ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் கேக்கலையா?"

"ஆமா." கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. "கோடு போடற வேலை உங்களுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

சுண்ணாம்பு எழுந்து வந்துவிட்டார். கூடவே உண்டு வளர்ந்த பாம்பு என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். திட்டத் திட்டத் தெம்பு வந்தது. ஏழு பேர் போதும். பதினாறு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவனையும் ஐந்தாறு வருடமாகத் தெரியும்.

ஆஸ்பத்திரி வெளுப்பறையில் கோல்கீப்பர், கொதிக்கும் துணித்தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேலை இருக்கிறது என்றான். பெயின்டர் ஏணியை விட்டு இறங்கவே இல்லை. இன்னும் நான்கு பேர் வீட்டில் இல்லை என்று வீட்டுக்காரிகள் சொன்னார்கள். வாசலில் செருப்பு கிடந்தது. வியாழக்கிழமை வரைக்கும் தாளில் ஒரு பெயர்கூட விழவில்லை.

கடைசியாக பஸ் பணிமனையில் கேப்டனைப் பிடித்தார். அவன் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு நேராகப் பார்த்தான்.

"எங்ககிட்ட எதுக்குண்ணே வர்றீங்க? மொதல்ல போனது நீங்கதானே?"

"நானா?"

"தலைவர் ரெண்டு மாசமா கூப்பிட்டார். ஒருத்தனும் போகலை. அண்ணன் இருக்கற வரைக்கும் நாங்க வரமாட்டோம்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னோம். அப்புறம் அந்த லெட்டரைக் கொண்டுவந்து காட்டினார். உங்க கையெழுத்து. கோல்கீப்பர் அழுதுட்டான். அண்ணனே வித்துட்டார், இனி நாம யாருக்காக நிக்கறதுன்னு பதினாறு பேரும் அன்னைக்கே கம்பெனியோட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டோம். இனி ரெண்டு வருஷத்துக்கு வெளிய வர முடியாது."

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"உங்க மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலைண்ணே" என்றான் கேப்டன். பிறகு அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவன் குரல் இறங்கியது. "அப்போ... நெசமாவே உங்களுக்குத் தெரியாதா?"

சுண்ணாம்பு வாயைத் திறந்தார். தெரியாது என்று சொன்னால் இவன் இன்றைக்கே போய் மற்ற பதினைந்து பேரிடமும் சொல்லுவான். இரண்டு வருடம் அந்தப் பதினாறு பேரும் அந்த உறுத்தலோடு கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட வேண்டுமே.

"தெரியும்டா" என்றார். "நல்லா ஆடுங்க."