டாக்டராக வேண்டி இயற்பியலில் சேர்ந்தேன்

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு பனியனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

நீட் தேர்வு எழுதி, முடிவும் வந்து, மருத்துவக் கல்லூரிக்கு என் மதிப்பெண் போதாது என்று தெளிவாகிவிட்ட சமயம். முதலிபாளையத்தில் அம்மா வேலை செய்யும் பனியன் கம்பெனியில் நானும் செக்கிங்கில் நின்றேன். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தாலோ கறை இருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். அன்று வந்த ஒரு பண்டல் முழுக்கக் கழுத்தில்தான் கோளாறு. கைப்பகுதித் தையலும் பக்கத்தையலும் பளிச்சென்று இருந்தன. சூப்பர்வைசர் அண்ணன் பண்டலைத் தூக்கிக்கொண்டு நேரே கழுத்து தைக்கும் டெய்லரிடம் போனார். வேறு யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குச் சுரீரென்றது. என் தேர்வில் கழுத்து எது?

அண்ணனிடம் கேட்டு ஒரு தாள் ஸ்டிக்கர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். நீட் வினாத்தாளை விரித்து, செல்போனில் விடைக்குறிப்பையும் என் விடைத்தாளையும் திறந்து, தப்பான, எழுதாமல் விட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அம்பு ஒட்டினேன். உயிரியல் பக்கங்களில் அங்கொன்று இங்கொன்று. வேதியியலில் கொஞ்சம் கூடுதல். இயற்பியலுக்கு வந்தபோது ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது. மீதியைப் பேனாவால் போட்டேன்.

அதுவரை நான் விலங்கியல் எடுப்பது என்றுதான் முடிவாகியிருந்தது. டாக்டர் கனவோடு மறுபடி எழுதக் காத்திருக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார்: "ஊட்டுல சும்மா உக்காந்து வருசத்தைப் போக்கறது வேண்டாம் கண்ணு. காலேஜுல சேந்துக்க. அப்பறம் எத்தனை தடவை வேணும்னாலும் எழுதிக்க."

கோச்சிங் சென்டருக்கு வழியில்லை. ஆக, நான் சேரும் பாடம்தான் என் கோச்சிங். உயிரியலை நான் தனியாகவே படித்துவிடுவேன். இயற்பியலில் ஒரு கணக்கில் முட்டிக்கொண்டு நின்றால் கேட்க ஆள் வேண்டும், அதுவும் தினமும். அரசுக் கல்லூரியின் இயற்பியல் துறை முழுக்க அந்த ஆட்கள்தானே! பிளஸ் டூவில் கணக்கும் படித்திருந்ததால் அங்கே சேரத் தடையும் இல்லை. இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாளாக ஏன் தோன்றவில்லை என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அப்பா, நான் பிசிக்ஸ் எடுத்துக்கறேனுங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். நிட்டிங் மெஷின் ஓட்டுபவர், அதிகம் பேச மாட்டார். "அப்ப டாக்டர் வேண்டாமுன்னு ஆயிப்போச்சா கண்ணு?"

"டாக்டருக்காகத்தானுங்க பிசிக்ஸே."

"கரண்டு, பல்புன்னு படிச்சுப்போட்டு ஊசி எப்புடிப் போடுவ அம்மிணி?" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. நான் மனசு விட்டுவிட்டேன், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஏதோ பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். அதுதான் எனக்குப் பயம். அவர் அப்படி நம்பிவிட்டால் இந்த வீட்டில் டாக்டர் பேச்சு அத்தோடு முடிந்தது. ஓடிப்போய் வினாத்தாளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இதென்ன, இந்தப் பக்கம் இப்புடி மொய்ச்சுக் கெடக்குது?"

"அதுதானுங்க பிசிக்ஸ்."

"உயிரியல் எது?" காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, தெரிஞ்சதையே படிக்கறதுக்கா தெனமும் பஸ் ஏறிப் போறது?" என்றார், அம்மாவைப் பார்த்து.

மறுநாள் செக்கிங் மேசை முழுக்க இதே பேச்சு. எனக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்திருந்த பக்கத்து மேசை அக்கா விடவில்லை. "ஏனம்மிணி, இனி எங்களுக்கு முட்டி வலின்னு வந்தா பேட்டரி மாத்தி உடுவியாக்கும்?"

"உங்களுக்கு சார்ஜே போட்டு உடறேனுங்க அக்கா," என்றேன். மேசையே குலுங்கியது.

கல்லூரிக் கவுன்சலிங்குக்கு அப்பா லீவு போட்டுக் கூட வந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த இயற்பியல் பேராசிரியர் என் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "பயாலஜில இத்தனை மார்க்கு. சுவாலஜில இடம் இருக்குதும்மா. அங்க போயேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இல்லீங்க சார், அம்மிணிக்கு ஆகாத பாடம் பிசிக்ஸுதானுங்க. அதனாலதான் இங்க வந்தமுங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பேராசிரியருக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. "ஆகாத பாடத்தையா மூணு வருசம் படிக்கறது?"

"மூணு வருசம் இருக்க மாட்டேனுங்க சார். நடுவுலயே மெடிக்கல் காலேஜுக்குப் போயிருவேன்."

அப்பா பின்னாலிருந்து என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்.

"அப்படியா? நேரா மேல எறிஞ்ச பந்து, உச்சிக்குப் போய் நிக்குது. அந்த நொடியில அதோட முடுக்கம் எவ்வளவு?"

"பூஜ்ஜியமுங்க சார்."

"தப்பு." என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். "நின்னாலும் பூமி இழுத்துட்டுத்தான இருக்குது? வகுப்பு ஆரம்பிச்சதும் மொத பெஞ்சுல உக்காரு."

திரும்பும் பஸ்ஸில், கேட்காத கண்டக்டரிடம் அப்பா சொன்னார்: "எம்புள்ள டாக்டருக்குப் பிசிக்ஸ் படிக்கறாளுங்க." அவர் குரலில் இருந்த மிடுக்கை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது போதும்.

இப்போது இரண்டாவது செமஸ்டர். வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவள் நான்தான்; அங்கே எனக்கு 'நீட்டு' என்றே பெயர். "நீட்டு, கொஞ்சம் அடங்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று பின் பெஞ்சில் கத்துவார்கள். அடங்குவதில்லை. பாடம் முடிந்தபின் துறை அறைக்கும் போய் நிற்பேன். போன வாரம் நானே நேரம் வைத்து எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வில் இயற்பியல் முதன்முறையாக வேதியியலைத் தாண்டிவிட்டது. பெருமைதான், மறைப்பானேன்? ஆனால் வேதியியல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அதற்கும் அடுத்த கட்டடத்தில் ஒரு துறை இருக்கிறது. அங்கேயும் போய்க் கேட்க ஆரம்பித்திருக்கிறேன்.

போன தடவை நீட்டில் உயிரியலில் தொடங்கி, இயற்பியலைக் கடைசிக்குத் தள்ளி, மணி அடிக்கும்போது பாதியில் நின்றேன். இந்த மே மாதம் வினாத்தாளைப் பிரித்ததும் எனக்கு எப்போதும் முட்டும் சுழற்சி இயக்கக் கணக்கில்தான் முதலில் கை வைக்கப்போகிறேன். அது வராவிட்டால் அடுத்த இயற்பியல் கணக்கு. உயிரியல் பக்கத்துக்கு ஓட மாட்டேன்.