சித்தி காட்டிய கோட்டை

திருவனந்தபுரத்துக் கோட்டைக்குள் நான் முதன்முதலாக நடந்தது, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து ஊர் பார்க்க வந்த பதினான்கு பேரோடு. அவர்களுக்கு வழிகாட்டி என் சித்தி. எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னை யாரும் அழைத்திருக்கவில்லை. அம்மாவுக்கு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பகல் ட்யூட்டி, அப்பா வளைகுடாவில். சனிக்கிழமை என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் சித்தியோடு அனுப்பி வைத்தார்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. பாறசாலையில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தினமும் காலை பாசஞ்சர் ரயிலில் திருவனந்தபுரம் போய், கிழக்கேகோட்டை அருகே ஒரு சின்னச் சுற்றுலா ஆபீசில் வேலை பார்த்தாள். வேலை என்றால் போன் எடுப்பது. பொன்முடிக்கு எத்தனை பேர், பூவாறில் படகு எத்தனை மணிக்கு என்று பேர் எழுதிக்கொள்வது. மற்றவர்களை ஊர் சுற்ற அனுப்பிவிட்டு அவள் நாற்காலியிலேயே இருப்பாள்.

அந்த ஆபீசில் வழிகாட்டிகள் இரண்டு பேர். ஒருவருக்கு ஆங்கிலம் தெரியும், மற்றவருக்கு இந்தி தெரியும். தமிழ்நாட்டுக் கூட்டம் வந்தால் இந்திக்காரர் மலையாளத்தையே கொஞ்சம் நீட்டிப் பேசித் தமிழ் என்று சொல்லிச் சமாளிப்பார். வந்தவர்கள் குறைபட்டுக்கொண்டே போவார்கள். கடைசியில் மேனேஜர் ஒருநாள் சித்தியிடம், உங்கள் வீட்டில் தமிழ்தானே பேசுகிறீர்கள், வரும் சனிக்கிழமைக் கூட்டத்தை நீயே கூட்டிப் போ என்றார். போகும்போது அவர்கள் நம் ஆபீஸ் கருத்து நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்போம், நல்லபடி எழுதினால் இனித் தமிழ்க் கூட்டம் எல்லாம் உனக்குத்தான் என்றும் சொன்னார். சித்தி அன்று ரயிலை விட்டு இறங்கி வீடு வரை ஓடியே வந்தாள்.

அதற்குப் பிறகுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசினோம். ஆனால் அது மீன் வாங்கவும் சண்டை போடவும் ஆன தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று தமிழ் பேசுவது என்பது எங்களுக்கு ஒரே ஓர் இடத்தில்தான் நடந்தது: எங்கள் சபையில். ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிப்பது சித்திதான். ஆகவே கோட்டையைப் பற்றிப் பேச அவளிடம் இருந்ததும் அந்தத் தமிழ்தான்.

ஒரு வாரம் முழுக்க முற்றத்தில் கொடியில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளைப் பார்த்து நின்று சித்தி பேசிப் பழகினாள். "பிரியமானவர்களே" என்று தொடங்குவாள். "அக்காலத்தில் ராஜாவானவர் தமது ராஜ்யம் முழுவதையும் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார்" என்பாள். அடுக்களையிலிருந்து அம்மா, கர்த்தர் இல்லை, பத்மநாபசாமி என்று திருத்துவாள். நாலே நாளில் எனக்கு முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது. கொடியில் ஷீட்டு இல்லாத நேரம் என்னை நிறுத்தி வைத்துப் பேசினாள்.

சனிக்கிழமை சித்தி சபையில் திருவிருந்துக்குக் கட்டும் சந்தன நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கோட்டைவாசலில் ஒன்பது மணிக்கே எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான் தலைவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. மற்றவர்கள் அவர் நின்றால் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். சட்டைப் பையில் சின்னக் குறிப்பேடு ஒன்று வைத்திருந்தார். அவர் மனைவிக்கு மூட்டு வலி. படி கண்ட இடத்தில் எல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சித்தி "பிரியமானவர்களே" என்றதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் மரியாதையாகக் கேட்டார்கள். கோட்டை கட்டிய கதையைச் சொல்லி முடித்து, பத்து மணிக்குச் சரியாக எல்லோரையும் பத்மதீர்த்தக் குளத்தின் எதிரே மேத்தன் மணியின் கீழ் கொண்டு நிறுத்தினாள். அது பழைய கடிகாரம். மேலே ஒரு தாடிக்காரன் முகம், இரண்டு பக்கமும் இரண்டு ஆடுகள். மணி அடிக்கும்போது தாடிக்காரன் வாயைத் திறக்க, ஆடுகள் இரண்டும் ஓடி வந்து அவன் கன்னத்தில் முட்டும். பத்து தடவை முட்டின. நான் எண்ணினேன். கூட்டம் கைதட்டியது. தலைமையாசிரியர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டினார். சித்தியின் கழுத்து அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தளர்ந்தது.

அடுத்து கோயில். கிழக்கு நடையில், அதாவது கிழக்கு வாசலில், கோபுரத்தின் முன் நின்று, "இதோ, இந்த தேவாலயத்தின் கோபுரம் ஏழு நிலைகளாய் உயர்ந்திருக்கிறது" என்று சித்தி ஆரம்பித்தாள். பிறகு உள்ளே இருப்பதைச் சொன்னாள். சாமி பாம்பின்மேல் படுத்திருப்பதை, மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும் என்பதை, ஒரு வாசலில் முகம், ஒன்றில் நாபித் தாமரை, ஒன்றில் பாதம் என்பதை எல்லாம் தடங்கல் இல்லாமல் சொன்னாள். கேட்ட எனக்கே கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

தலைமையாசிரியர் எழுதிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். நாம் எதிரில் நிற்கும்போது சாமியின் தலை இடதுபக்கம் வருமா, வலதுபக்கம் வருமா?

சித்தியின் பாடத்தில் அது இல்லை. அவள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். பின் என்னைப் பார்த்தாள். ரப்பர் ஷீட்டின் முன் மறந்து நிற்கும்போதும் அவள் அப்படித்தான் பார்ப்பாள், நான் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பேன். இப்போதும் உதவ வேண்டும் என்று நினைத்தேன்.

"சித்தி உள்ள போனதில்ல. நாங்க சர்ச்சுக்காராக்கும். சித்தியாக்கும் அங்க வேதம் வாசிக்கது. நல்லா வாசிப்பா."

பெருமையோடுதான் சொன்னேன். யாரோ பின்னால், அதுதான் பேச்சு அப்படி இருக்கிறது என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப எங்கள உள்ள கூட்டிட்டுப் போறது யாரும்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

சித்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் போவணும் சார். சர்ச்சுக்காரங்கள உள்ள விடமாட்டாவ, எனக்கு இந்த நடை வரைக்குந்தான் உண்டு. கேட்டும் படிச்சும் அறிஞ்சத சொன்னேன். தல எந்தப் பக்கம்னு நீங்க பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லணும்."

அன்று காலை முதல் அவள் பேசியதில் அதுதான் எங்கள் வீட்டுத் தமிழ்.

சித்தி ஆபீசிலிருந்து கொண்டுவந்த வேட்டிகளை ஆண்கள் கட்டிக்கொள்ள, எல்லோரும் உள்ளே போனார்கள். செருப்பும் பையும் போனும் எங்களிடம் இருந்தன. பதினான்கு ஜோடிச் செருப்புகளைச் சித்தி வரிசையாக வைத்தாள். குளத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிழலில் உட்கார்ந்தோம். பைகளுக்குள் அடிக்கொருதரம் போன் அடித்தது. நான் எடுத்துக் கொடுத்தது சரிதானே என்று கேட்டேன். "செரிதான் மக்கா. உள்ளதத்தானே சொன்ன" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மீன்களைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து முதலில் வெளியே வந்தது தலைமையாசிரியரின் மனைவி. செருப்பைக்கூடப் போடாமல் சித்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காலை நீட்டிப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தலை இடதுபக்கம். ஒரே பார்வையில் முழுதாகப் பார்க்க முடியாது. முதல் வாசலில் ஆசைதீரப் பார்ப்பதற்குள் தள்ளிவிட்டுவிடுகிறார்கள்.

"நீ சொன்னது அத்தனையும் சரிம்மா. உள்ள வெளக்கு வெளிச்சம் மட்டுந்தான், அத நீ சொல்லல" என்றார்.

சித்தி தன் நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள். அந்த அம்மாள் சிறிது நேரம் அவள் எழுதுவதையே பார்த்திருந்துவிட்டு, உனக்கு ஒரு தடவையாவது பார்க்கணும் என்று தோன்றியதில்லையா என்று கேட்டார். சித்தி எழுதி முடித்துவிட்டு, வெளியிலேயே பார்க்க நிறைய இருக்கிறதே என்று மட்டும் சொன்னாள்.

குதிரைமாளிகையில் சித்தி பிரசங்கத் தமிழை விட்டுவிட்டாள். கூரையின் அடியில் வரிசையாகச் செதுக்கிய மரக்குதிரைகளைக் காட்டி, இஞ்ச பாருங்க, அஞ்ச பாருங்க என்று இழுத்துக்கொண்டு போனாள். பாதி வார்த்தை அவர்களுக்குப் புரியவில்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள், அவளும் வேறு வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள்.

மத்தியானம் ஆபீசில் நோட்டை அவரிடம் கொடுத்தார்கள். நின்றபடியே ஒரு பக்கம் முழுக்கத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சித்திக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேனில் ஏறினார். மேனேஜருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நோட்டைச் சித்தியிடமே தள்ளி, என்ன எழுதியிருக்கிறார் என்று மலையாளத்தில் சொல்லச் சொன்னார்.

நான் சித்தியின் தோளுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். ஞாயிறுபள்ளிப் பாட்டுப் புத்தகத்தின் புண்ணியத்தில் எனக்குத் தமிழ் எழுத்து தெரியும். ஏற்பாடு நன்று, நேரம் தவறவில்லை, வழிகாட்டி அம்மையார் பொறுமையும் விஷய ஞானமும் உள்ளவர் என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. சித்தி ஒவ்வொரு வரியாக மலையாளத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசி வரியில், ஆலயத்தின் உள்ளேயும் உடன் வரக்கூடியவரை அனுப்பினால் வருபவர்களுக்கு இன்னும் உபயோகமாயிருக்கும் என்று இருந்தது. சித்தி அங்கே நிறுத்தினாள். ஆபீசில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அவளும் நானும்தான். விட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருப்பேன். அவள் அதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

மேனேஜர், நியாயம்தானே என்றார். அடுத்த மாதமே தமிழ்க் கூட்டங்களுக்கென்று, கோயிலுக்குள்ளும் போகக்கூடிய களியக்காவிளைக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். சித்தி திரும்பவும் போனுக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்து வேறொரு ஆபீசில் கேட்டு வாங்கித்தான் வழிகாட்டி ஆனாள். இன்றைக்கும் கோட்டைக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிப் போகிறாள். கோயில் நடை வந்ததும், நான் உள்ளே போனதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறாள்.

அன்று மத்தியானம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷன் கைக்கெட்டும் தூரத்தில்தான். எனக்குப் பசி. ஆனால் சித்தி ஸ்டேஷன் பக்கம் திரும்பாமல் மறுபடியும் கோட்டைவாசலுக்குள் நுழைந்தாள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இப்போது யாருக்கும் எதையும் சொல்லவில்லை, எந்த இடத்திலும் நிற்கவில்லை. தெருவின் ஓரத்தில் நிழல் இருந்தது. சித்தி நட்டநடுவில் வெயிலில் நடந்தாள். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது, ஒதுங்கிப் போகலாம் என்று கையை இழுத்தேன். அவள் ஒதுங்கவில்லை. ஆட்டோ எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. வடக்குத் தெருவில் திரும்பும்போது, ஏன் இந்தச் சுற்று என்று கேட்டேன்.

"நம்ம பூட்டன் கருப்பட்டிச் சுமட்டோட சாலைச் சந்தைக்கு வரும்போ இந்தத் தெருவில கால் வைக்கப்படாது மக்கா. குறெ தூரம் சுத்திப் போவணும்."

பூட்டன் என்றால் அம்மாவுடைய தாத்தாவின் அப்பா; குறெ என்றால் எங்கள் பேச்சில் நிறைய. நான் அவரைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் ஒரு தெருவில் கால் வைக்கக்கூடாது என்றால் அதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரியும்.

"ஏன் சித்தி, ரோடு பணி நடந்துதா?"

சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"ஆமா. குறெ காலம் நடந்துது" என்றாள்.

தார் டிரம்மும் ஜல்லிக் குவியலும் ரோடு ரோலரும் கிடந்த ஒரு தெருவை நான் மனதில் கண்டேன். வெறுங்காலோடு வந்த கிழவருக்குச் சூட்டுத் தாரில் கால் பொசுங்கிவிடாமல் வேறு வழியில் அனுப்பிய அந்தக் காலத்து ஆட்கள் நல்லவர்கள்தான் என்று எண்ணிக்கொண்டு, சித்தியின் கையைப் பிடித்து மீதித் தெருவையும் நடந்தேன்.