மடங்காத பெருவிரல்

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் நீலக் கையுறை ஒன்று தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்வார்களே, அந்த மெல்லிய ரப்பர் கையுறை. வருஷக்கணக்கில் தொங்கியதில் ரப்பர் இளகி, நான்கு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பெருவிரல் மட்டும் தனியே நிற்கிறது. அதன் நுனியில் பேனாவால் வரைந்த ஒரு முகம் இருந்தது. இப்போது கண் அழிந்து சிரிப்பு மட்டும் மிச்சம். என் வீட்டுக்காரி இதை மூன்று தடவை குப்பையில் போட்டாள். மூன்று தடவையும் நான் எடுத்துக் கழுவி மறுபடி மாட்டினேன். "இத்துப்போன ரப்பருக்கு ஒரு ஆணி வேற" என்று சொல்லிவிட்டு இப்போது விட்டுவிட்டாள். இதைக் கொடுத்தது ஒரு பல் டாக்டரம்மா. அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெரியவர்களிடம், டாக்டர்களிடம் வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்டுக்கொள்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார்கள். அதனால் பிள்ளைகளா, உங்களுக்கு எழுதுகிறேன். நாளைக்கு உங்களில் யாராவது ஒருவர் பல் டாக்டரின் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கத்தான் போகிறீர்கள், டாக்டராகவோ நர்ஸாகவோ என்னை மாதிரி தகப்பனாகவோ.

என் மூத்த மகளுக்குப் பேச்சு வராது. பிறக்கும்போது மூச்சு முட்டிப் பிறந்தவள். நடப்பாள், சிரிப்பாள், வல்லத்திராக்கோட்டைக் கடைத்தெருவில் என் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு வந்து, அறுந்த செம்புக் கம்பிகளைப் பொறுக்கி வரிசையாக வைப்பாள். வலிப்புக்காகச் சின்ன வயதிலிருந்தே காலையும் இரவும் சிரப்பு குடித்தவள். சிரப்பு என்றால் சர்க்கரைப் பாகுதான். அது பல்லைத் தின்னும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் தன் வலது கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். சிறப்புப் பள்ளியில் "ரெண்டு வாரமா ரொம்ப முரண்டு பண்ணுதுங்க" என்றார்கள். சொந்தக்காரர்கள் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். நான் கையைப் பிடித்து அதட்டினேன். பல்வலி என்று கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு மாசம் ஆனது. வாய் இருக்கிற பிள்ளையாக இருந்தால் நாலு நிமிஷத்தில் சொல்லியிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

முதலில் போன இடத்தில் ஒரு போர்வையைச் சுற்றி மூன்று பேர் அமுக்கிப் பிடித்தார்கள். நானும் அந்த மூன்றில் ஒருவன். வாய்க்குள் கண்ணாடியை விடுவதற்குள் அவள் உதடு கிழிந்துவிட்டது. அதற்கப்புறம் வெள்ளைச் சட்டையைக் கண்டாலே ரோட்டில் உட்கார்ந்துவிடுவாள். இந்த நிலையில்தான் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் புதன்கிழமை மத்தியானம் இப்படிப்பட்ட பிள்ளைகளை மட்டும் ஒரு டாக்டரம்மா பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். சின்ன வயதுதான். என்னை "அண்ணே" என்றார். நாங்கள் போன முதல் நாள் அவர் என் மகளைத் தொடவே இல்லை. தானே அந்தப் பெரிய நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டார். கால்மிதியை என் மகள் மிதித்தால் நாற்காலி மேலே போகும், இன்னொன்றை மிதித்தால் கீழே வரும். அரைமணி நேரம் அவள் டாக்டரம்மாவை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கோ கடையைப் பூட்டிவிட்டு வந்த கடுப்பு.

"பல்லப் பாக்கலீங்களாம்மா?" என்றேன்.

"இன்னைக்கு அவ என்னையப் பாக்கட்டும்ண்ணே. அடுத்த வாரம் நான் அவளப் பாக்குறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரி, "பஸ் ஏறிப் போயி டாக்டரம்மாவுக்கு ராட்டினம் சுத்திவிட்டு வந்தீங்களாக்கும்" என்றாள்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோதான் இந்தக் கையுறை வந்தது. காயிலுக்கு வார்னிஷ் அடித்து அடித்து என் விரல்கள் எப்போதும் பழுப்பாக இருக்கும். டாக்டரம்மா என் இடது கையில் ஒரு நீலக் கையுறையை மாட்டிவிட்டு, பெருவிரலில் ஒரு முகம் வரைந்தார். என்னை நாற்காலியின் கால்மாட்டில் நிறுத்தி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டச் சொன்னார். அவர் பிரஷ்ஷை வாய்க்குள் விட்டதும் நான் சத்தமாக எண்ணிக்கொண்டே, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்க வேண்டும். பெருவிரல் மடங்கிக் கை மூடிக்கொண்டால், என்ன நடந்துகொண்டிருந்தாலும் அவர் கையை வெளியே எடுத்துவிடுவார். என் மகளுக்கு எண்ணிக்கை தெரியாது. ஆனால் அந்தச் சிரிக்கிற முகம் குனிந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. கண்ணை என் கையிலேயே வைத்திருப்பாள். எனக்கு இதைவிடச் சுலபமான வேலை யாரும் கொடுத்ததில்லை. காயில் கட்டுகிறவன் நாள் முழுக்கச் சுற்று எண்ணுகிறவன்தானே, ஐந்து எண்ணத் தெரியாதா என்று நினைத்தேன்.

டாக்டரம்மா பிள்ளைகளுக்குப் பார்த்ததைவிட எங்களுக்குப் பாடம் எடுத்ததுதான் அதிகம். ஒரு புதன்கிழமை பெற்றோர்களை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு புது பிரஷ் கொடுத்தார். பிள்ளைக்கு விளக்கிவிடத்தான் என்று நினைத்தால், பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிவிடச் சொன்னார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் மணமேல்குடிப் பக்கம் மீன்பிடிக்கிறவர், தன் பையனைக் கூட்டிக்கொண்டு விடியலில் கிளம்பி வந்திருந்தார். எனக்குப் பின்னால் நின்று, என் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு பிரஷ்ஷை விட்டார். கை என்றால் அது கை, துடுப்பு மாதிரி.

"அண்ணே, மெதுவாண்ணே. மீனுக்குச் செதிலு உரிக்கிற மாதிரி உரிக்கிறீங்க" என்றேன்.

"மீனு இம்புட்டுப் பேசாதுண்ணே. வாயத் தொறங்க" என்றார்.

டாக்டரம்மா ஐந்து எண்ணினார். ஐந்து முடிந்தும் மீனவர் நிறுத்தவில்லை. ஆறு, ஏழு என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதைவிட, எப்போது முடியும் என்று தெரியாமல் போனதுதான் தாங்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது. அப்போதுதான் டாக்டரம்மா, நிறுத்த வேண்டாம் என்று தான்தான் அவருக்குச் சைகை காட்டியதாகச் சொன்னார். "ரெண்டு எண்ணம் கூடுனதுக்கே கையப் பிடிச்சு இழுக்குறீங்க. உங்க மக இழுத்தா மட்டும் முரண்டுங்கிறீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் பாடத்தை நான் பக்கத்து வீட்டில் கேட்கவில்லை. என் சொந்த வாயில் படித்தேன். படித்தும் அதே தப்பைப் பின்னால் நானே செய்தேன்.

வலது பக்கம் கீழே கடைசியில், விழுந்து முளைக்காத பெரிய பல்லில் குழி. அதைச் சுத்தம் பண்ணிச் சிமெண்ட் மாதிரி ஒன்றை வைத்து அடைத்துவிட்டால் பல் பிழைக்கும், விட்டால் பிடுங்க வேண்டியதுதான் என்றார் டாக்டரம்மா. விழித்திருக்கும்போது பிடுங்க அவள் விடமாட்டாள். மயக்கம் கொடுக்க வேண்டும். வலிப்புள்ள பிள்ளைக்கு மயக்கம் கொடுக்க வெளியூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதனால் ஐந்து ஐந்தாக அந்தக் குழியைச் சின்னக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே வந்தார். எத்தனை புதன்கிழமை போனது என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் அடைக்கிற கட்டம் வந்தது. சிமெண்டை வைத்தால் அது பிடிக்கிற வரைக்கும் விரலால் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும், ஐந்து எண்ணம் போதாது. இரண்டு பெருவிரல், மூன்று பெருவிரல், அதாவது இரண்டு ஐந்து, மூன்று ஐந்து என்று அவளை மெதுவாகப் பழக்கலாம் என்று சொல்லியிருந்தார். அதற்குள் அவருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. அந்தப் புதன்தான் கடைசி.

"இன்னைக்கு வச்சுப் பாக்குறேன். அஞ்சுக்குள்ள நின்னா நிக்கட்டும். இல்லாட்டி விட்டுறலாம்ண்ணே, அடுத்து வர்றவங்களுக்கு எழுதி வச்சிட்டுப் போறேன்" என்றார்.

நான் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் சிமெண்டை வைத்து விரலால் அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு விரலும் மடங்கிவிட்டன. பெருவிரலை மடக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பிடித்துவிட்டால் போதுமே, அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கும் அலைய வேண்டாமே என்று அந்தச் சிரிக்கிற முகத்தை அப்படியே நிறுத்திவைத்தேன். ஐந்து என்று சொல்லவும் இல்லை. டாக்டரம்மா வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது குனியவில்லை. பிறகு விரலை விட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டாள், டாக்டரம்மாவின் விரல் உள்ளே இருக்கும்போதே. ஈரமான சிமெண்ட் உதட்டோரம் வழிந்து வந்தது.

டாக்டரம்மா தன் விரலைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார். "அண்ணே, பெருவிரல் நிக்குதே" என்றார்.  பிறகு, "நீங்க மடக்கிருவீங்கன்னு நம்பித்தானே நான் அங்கிட்டுப் பாக்காமயே வேலை செய்றேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம். கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டிப் பக்கம் போனேன். "வீட்டுக்குக் கொண்டுபோங்க. மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒரு தாள் முழுக்க எழுதிக் கொடுத்தார். இந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எதை முதலில் காட்ட வேண்டும், விரல் எப்படி மடக்க வேண்டும், பெருவிரல் மடங்கினால் கட்டாயம் நிறுத்த வேண்டும், எல்லாம் அச்சடித்த மாதிரி எழுத்தில், தமிழில்.

அந்தத் தாளை நான் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்து வந்த டாக்டரிடம் நீட்டினேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஃபைலுக்கு அடியில் வைத்தார். வெளியே வராந்தா முழுக்கக் கூட்டம், அவரையும் சொல்லிக் குற்றமில்லை. "ஒரு நிமிஷம் புடிச்சுக்கங்க, முடிஞ்சிரும்" என்றார். "அஞ்சு எண்ணுனா போதும் சார்" என்றேன். சரி என்று அவரே எண்ணினார். ஐந்துக்கு அப்புறமும் கை உள்ளேயே இருந்தது. அன்றைக்குச் சீட்டில் இங்கிலீஷில் ஏதோ எழுதினார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். மருந்துக் கடைத் தம்பியிடம் காட்டிக் கேட்டேன். "பேஷண்ட் ஒத்துழைக்கலன்னு போட்டுருக்குண்ணே" என்றான். அப்புறம் போன இடத்திலும் அதே வார்த்தை. எழுத்தைப் பார்த்தாலே எனக்கு அடையாளம் தெரிகிற அளவுக்கு அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் படித்துவிட்டேன். என் மகள் வாயைத் திறந்தாள், சொன்ன நேரம் வரைக்கும் திறந்தே வைத்திருந்தாள். சொன்னதை மீறியது நாங்கள். ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவதாக இருந்தால் முதலில் என் பெயரைத்தான் எழுத வேண்டும்.

இப்போது வெளியூர் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துப் பிடுங்கத் தேதிக்காகக் காத்திருக்கிறோம். ஒரு தடவை காய்ச்சல் என்று தள்ளிவைத்தார்கள். இன்னொரு தடவை வலிப்பு டாக்டரின் கடிதம் பழசாகிவிட்டது என்றார்கள். புதுக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் மயக்கம் கொடுப்பவர் அன்றைக்கு வரவில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்குவதற்கு இத்தனை அலைச்சல். அவள் இடது பக்கமாகவே மென்று சாப்பிடுகிறாள். சில நாள் கன்னத்தில் அறைந்துகொள்கிறாள். நான் இப்போது அதட்டுவதில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அந்தக் கடைசிப் புதனுக்கு அப்புறம், வீட்டில் என் கையில் கையுறையைப் பார்த்து அவள் மறுபடி வாய் திறக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அது இத்துப்போன பிறகு வெறுங்கைதான். காலையில் குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரவைத்து, பின்னால் நின்று தலையை வயிற்றில் சாய்த்துக்கொள்கிறேன். வலது கையில் பிரஷ், இடது கையை அவள் முகத்துக்கு முன்னால் விரிக்கிறேன். "ஆத்தா, ஒண்ணு" என்று தொடங்கினால் வாயைத் திறக்கிறாள். சுண்டுவிரலையும் அடுத்த மூன்று விரல்களையும் நான் மடக்கலாம், அதற்கு ஆட்சேபணை இல்லை. பெருவிரலை மட்டும் தன் கைக்குள் இறுக்கமாகப் பிடித்துவைத்துக்கொள்கிறாள். நான் நான்கு சொன்னதும் அதை அவளே மடக்குகிறாள். சில நாள் சீக்கிரமாக, சில நாள் நிதானமாக. இன்று காலையும் அப்படித்தான். உள்பல்லில் இட்லித் துணுக்கு ஒட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது. அவள் விரலை மடக்கினாள். நான் பிரஷ்ஷை வெளியே எடுத்துவிட்டேன்.