டிக்கியில் இடமில்லை

போன வாரம் மகளோடு வேளச்சேரி பக்கம் ஒரு மாலுக்குப் போயிருந்தேன். காபிக்குக் காத்திருந்தபோது கூரை ஸ்பீக்கரில் ஒரு இங்கிலீஷ் பாட்டு. கிடாரும் வயலினுமாகத் துள்ளிக்கொண்டு ஓடுகிற மெட்டு. பக்கத்து டேபிளில் இரண்டு இளைஞர்கள் காலால் தாளம் போட்டார்கள்.

நான் கூடவே வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தேன்.

“கன்ட்ரி மியூசிக்ப்பா. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் மகள்.

எப்படித் தெரியுமா? ஒரு கேசட் தேய்ந்துபோகிற அளவுக்குக் கேட்டிருக்கிறேனே... துபாயில், ஒரு பழைய ஜப்பான் காரில், முன் சீட்டில் உட்கார்ந்து!

இரண்டாயிரங்களின் முதல் பாதி. துபாயின் சத்வா பகுதியில் தையல்கடைகளுக்கு மேலே ஒரு ஃபிளாட். அதில் ஒரு ரூம் எனக்கு, பக்கத்து ரூம் செல்வராஜுக்கு. செல்வா பொள்ளாச்சிக்காரன். அல் கூஸில் ஒரு கம்பெனியில் சேல்ஸ் இன்ஜினீயர். ஆபீஸில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், விசா கேன்சலாகி ஊர் திரும்பும்போது இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போன கேசட் அது. மேலே ஒட்டியிருந்த பேப்பர் கிழிந்து போயிருந்தது. பாடியது யாரென்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது.

ஆனால் பாட்டு மனப்பாடம். ஒரு லாரி டிரைவர் பாடுகிறான். குடியால் முதல் சரணத்தில் வேலை போகிறது. இரண்டாவது சரணத்தில் பெண்டாட்டி போகிறாள். மூன்றாவதில், மிச்சமிருந்த நாயும் ஒரு நாள் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. ‘தம்பிகளா, என்னைப் பார்த்தாவது திருந்துங்கள்’ என்கிற மாதிரி முடியும்.

அந்தப் பாட்டை செல்வா எப்போது கேட்பான் தெரியுமா? வியாழக்கிழமை சாயங்காலம், கிளாஸில் ஊற்றி வைத்துக்கொண்டு!

“பாவம் மாப்ள... நாய்கூட போயிருச்சு பாரு” என்று கண் கலங்குவான். கலங்கிக்கொண்டே அடுத்ததை ஊற்றுவான்.

நான் குடிக்கிறவன் இல்லை. சைட் டிஷ்ஷைக் காலி செய்கிறவன். குடிக்கிறவர்களுக்கு இந்த ஜாதியைக் கண்டாலே ஆகாது. செல்வா மட்டும் என்னைப் பொறுத்துக்கொண்டான்... பாட்டுக்கு அர்த்தம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே!

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று பாட்டிலிலேயே அச்சடித்து விற்கிறோம். அதைப் படித்துவிட்டுத்தானே மூடியைத் திருகுகிறார்கள்? எச்சரிக்கை என்பது நமக்கு ஊறுகாய் மாதிரி. தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும்.

அந்த வியாழக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. அரை நாள் டூட்டி. மறுநாள் வெள்ளி, லீவு. கீழே மலையாளி கடையில் டீ குடித்துவிட்டு, “யல்லா மாப்ள!” என்று கிளம்பினால், அஜ்மான் தாண்டிக் கடலோரம் பெயர்ப் பலகை இல்லாத ஒரு கடை. துபாயில் சரக்கு வாங்க லைசென்ஸ் வேண்டும். அங்கே யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். சிக்கல் திரும்பி வருவதில்தான். நடுவில் ஷார்ஜா. அங்கே சரக்கு வண்டியில் இருந்தாலே குற்றம். மாட்டினால் ஜெயில், அப்புறம் ஊர். டிக்கியில் பாட்டில்களை அடுக்கி, மேலே ஒரு கம்பளியைப் போர்த்தி, ஷார்ஜாவைத் தாண்டும் வரை செல்வா எல்லா சாமியையும் கும்பிடுவான். பாட்டும் ஓடும்.

பொள்ளாச்சியில் அவன் மனைவி மஞ்சுளா ஒரு ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். நாலு வயதில் பெண் குழந்தை. ஃபேமிலி விசா கைக்கு வந்தும் மஞ்சுளா கிளம்பவில்லை. “குடிய விட்டுட்டேன்னு சொல்லுங்க, வர்றேன்” என்பதுதான் அவள் சொன்ன ஒரே வார்த்தை. ஒரு நாள் செல்வா போனில் சொல்லிவிட்டான். பாப்பா மேல் சத்தியமாக விட்டாச்சு என்று. அவளும் நம்பி வேலையை ராஜினாமா செய்துவிட்டாள்.

அவர்கள் வந்து இறங்குவதும் ஒரு வியாழக்கிழமை. கொச்சியில் ஏறி ஷார்ஜாவில் இறங்கும் மலிவு டிக்கெட்.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வீட்டைக் கூட்டிப் பெருக்குவான். இவனுக்கோ வேறு கணக்கு. அவள் வந்துவிட்டால் அஜ்மான் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அதனால் மத்தியானமே போய், வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி, என் ரூம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பிறகு ஏர்போர்ட் போவது.

கடையில் நேரமாகிவிட்டது. துபாய்க்குப் போய் இறக்கிவிட்டு வரலாமென்றால், சாயங்கால ஷார்ஜா ஜாம்... அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அதில் மாட்டினால் இருட்டிவிடும். வேறு வழியில்லாமல், நிறைந்த டிக்கியோடு நேராக ஏர்போர்ட்டுக்கே போனோம்.

கூட்டத்தில் அப்பாவைப் பார்த்ததும் பாப்பா ஓடி வந்தாள். செல்வா அழுதேவிட்டான். மஞ்சுளா சிரித்தபடி ட்ராலியைக் காருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மூன்று பெரிய பெட்டிகள்.

“திறங்க” என்றாள்.

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. பெட்டிகளை எங்கே வைப்பது? சற்றுத் தள்ளி ஒரு போலீஸ்காரர் வேறு.

“டிக்கி லாக் கெட்டுப்போச்சு கண்ணு. உள்ளயே வெச்சுக்கலாம்” என்றான் செல்வா.

மஞ்சுளா அவனை ஒரு கணம் பார்த்தாள். ட்ராலியைக் கதவுப் பக்கம் தள்ளினாள். முன் சீட்டில் நான், என் மடியில் ஒரு பெட்டி. பின் சீட்டில் ஒரு பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்னொன்று மஞ்சுளாவின் மடியில். அந்தப் பெட்டியின் மேல் பாப்பா தலை சாய்த்துக்கொண்டாள்.

செல்வா சாவியைத் திருப்பினான். கேசட்டும் சேர்ந்து ஓட ஆரம்பித்தது. கிடார், வயலின், லாரி டிரைவர்... அதை நிறுத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஷார்ஜாவில் ரவுண்டபவுட்டுக்குப் பஞ்சமா? ஒவ்வொன்றிலும் வண்டி திரும்பும்போது பின்னாலிருந்து ‘கிளிங்’ என்று ஒரு சத்தம்.

“அது என்னங்க சத்தம்?”

“ஜாக்கி கண்ணு.”

அடுத்த ரவுண்டபவுட். கிளிங்... கிளிங்... சிக்னலில் பக்கத்தில் ஒரு போலீஸ் வண்டி வந்து நின்றது. செல்வாவின் உதடு மட்டும் முருகா முருகா என்று அசைந்தது. அந்த வண்டி நகர்ந்து போகிற வரை நான் மடியிலிருந்த பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சுளா போலீஸைக் கவனிக்கவில்லை. பாட்டைக் கவனித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் டீச்சர் ஆயிற்றே!

“இவம் பொண்டாட்டி எப்பப் போனா? வண்டிச் சத்தத்துல செரியா கேக்கல” என்றாள் திடீரென்று.

“ரெண்டாவது சரணம்மா” என்று உளறி வைத்தேன்.

“ம்” என்றாள். அதற்குப் பிறகு சத்வா வரும் வரை பாட்டும் ‘கிளிங்’ சத்தமும்தான்.

வீட்டு வாசலில் இறங்கினோம். பாப்பா தூங்கிவிட்டிருந்தாள். பெட்டியின் கைப்பிடி அவள் கன்னத்தில் சிவப்பாகப் பதிந்திருந்தது. மஞ்சுளா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்றாள்.

“இப்பத் திறங்க.”

செல்வா திறந்தான். கம்பளியை அவளே விலக்கினாள். சண்டை வரும், அழுகை வரும், நாளைக்கே டிக்கெட் போடச் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. வரிசையாக அடுக்கியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இத்தன எடம் இருந்திருக்குது” என்றாள் மெதுவாக. “எங்களுக்குத்தேன் இல்லாமப் போச்சு.”

படியேறிப் போய்விட்டாள். செல்வா டிக்கியை மூடவும் தோன்றாமல் அப்படியே நின்றான். கீழே டீக்கடையில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று நான்தான் கம்பளியை இழுத்துப் போர்த்தினேன். பாட்டுக்குக் கலங்கிய கண்ணை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கலங்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

அன்றே விட்டுவிட்டானா? அதெல்லாம் சினிமாவில். விட்டான், தொட்டான், மறுபடி விட்டான். முழுசாக விட ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மஞ்சுளாவும் ஊர் திரும்பவில்லை. அங்கேயே ஒரு ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்து, அவனோடு மல்லுக்கு நின்றாள். இப்போது பொள்ளாச்சியில் சொந்த வீடு, தோப்பு. போனில் பேசும்போது குரலில் தெளிவு.

நம்மை உட்கார வைத்து அழ வைக்க ஆயிரம் பாட்டு இருக்கிறது. ‘எங்களுக்கு இடம் எங்கே?’ என்று கேட்க மட்டும், குழந்தையோடு ஒருத்தி கடல் தாண்டி வர வேண்டியிருக்கிறது!